ஏழையின் ஈரம், பணக்காரரின் ஈகை

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு நாற்சந்தி. சிக்னல் விளக்கு கிடையாது; நான்கு பக்கமும் ‘நில்’ பலகைதான். முதலில் வந்து நின்ற வண்டிதான் முதலில் கிளம்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் பால் பிஃப், டாக்கர் கெல்ட்னர் குழுவினர் அந்தச் சந்தியின் ஓரத்தில் ஆட்களை மறைவாக நிறுத்தினார்கள். வருகிற வண்டியின் மாடல், வயது, தோற்றம் இவற்றைப் பார்த்து 1 முதல் 5 வரை தரம் போட வேண்டும். அந்த வண்டி முறைதவறி முந்துகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி 274 வண்டிகள் கவனிக்கப்பட்டன. சாலையைக் கடக்க ஒருவர் காலெடுத்து வைக்கும்போது வண்டி நிற்கிறதா என்று மேலும் 152 வண்டிகளைப் பார்த்தார்கள். உயர்ந்த தரத்து வண்டிகளில் ஏறக்குறையப் பாதி நிற்காமல் போய்விட்டன. கடைசித் தரத்து ஓட்டை வண்டிகள் ஒன்றுவிடாமல் நின்றன.

2012இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த இந்தக் கட்டுரை வெகுவேகமாக உலகம் சுற்றியது. அதே கட்டுரையில் ஒரு மிட்டாய் ஜாடிச் சோதனையும் உண்டு. சமூகத்தின் அடித்தட்டில் இருப்பவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், ஒருவருக்குத் தான் மேலே இருப்பதாகத் தோன்றிவிடும். அப்படித் தோன்றவைக்கப்பட்டவர்கள், பக்கத்து அறைக் குழந்தைகளுக்காக வைத்திருந்த ஜாடியிலிருந்து மற்றவர்களைவிட அதிக மிட்டாய் எடுத்துக்கொண்டார்கள். 2010இல் இதே குழு நடத்திய முந்தைய சோதனையும் இதே திசையில்தான் போனது. 115 பேரிடம் ஆளுக்குப் பத்துப் புள்ளிகள் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பிரித்துத் தருவீர்கள் என்று கேட்டார்கள்; புள்ளிகள் பின்னால் பணமாக மாறும். தன்னைக் கீழ்ப்படியில் வைத்துப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

நமக்கு இதில் வியப்பே கிடையாது. ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்த 1971க்கு முன்பிருந்தே தமிழ் சினிமா இதைத்தான் சொல்லிவருகிறது. குடிசையில் ஈரம் இருக்கும், பங்களாவின் வளைந்த மாடிப்படியில் இறங்கி வருபவரிடம் அது இருக்காது. பெர்க்லி ஆய்வு அந்தக் கதைக்கு ஆய்வுக்கூட முத்திரை குத்தித் தந்தது. ஏற்கெனவே நம்புகிற ஒன்றுக்குப் புள்ளிவிவரம் கிடைத்தால் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் திருப்பிப் பார்க்க விரும்புவதற்குக் காரணம் பணக்காரர்கள் மீதான பரிவு அல்ல. ‘ஏழை மனம் பெரிது’ என்ற வாக்கியம் கடைசியில் யாருக்கு வசதி செய்துகொடுக்கிறது என்ற சந்தேகம்தான்.

வண்டியிலிருந்தே தொடங்கலாம். வண்டி என்பது வசதியின் அடையாளம்தானா? தவணையில் வாங்கிய வண்டியை முதலாளி ஓட்டலாம், அவருடைய ஓட்டுநர் ஓட்டலாம். சிக்கனக்காரக் கோடீஸ்வரர் பழைய வண்டியிலேயே காலம் தள்ளலாம். தரம் போட்ட ஆட்களே வண்டியின் நடத்தையையும் அருகிலிருந்து பார்த்தார்கள் என்பது இன்னொரு நெருடல். ஒரே கட்டுரையின் ஏழு சோதனைகளும் ஒன்று தவறாமல் எதிர்பார்த்த முடிவையே தந்ததும் கேள்விக்குள்ளானது. இந்த அளவுள்ள மாதிரிகளில் அப்படி நடப்பது அரிது என்று கிரெகரி ஃபிரான்சிஸ் என்ற உளவியலாளர் அதே இதழில் உடனடியாகச் சுட்டிக்காட்டினார்.

பெரிய அடி 2015இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. மார்ட்டின் கோர்ன்டோர்ஃபர், போரிஸ் எக்லோஃப், ஸ்டெஃபான் ஷ்முக்லே மூவரும் சிறு ஆய்வகச் சோதனைகளை ஒதுக்கிவிட்டு, ஜெர்மனி, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் நாடு தழுவி எடுக்கப்பட்ட பெரும் கணக்கெடுப்புகளைக் கையில் எடுத்தார்கள். எட்டு ஆய்வுகளில் மிகப் பெரியதில் 37,000க்கு மேற்பட்டவர்கள். படிப்பும் வருமானமும் உயர உயர, நன்கொடை கொடுப்பதும், வருமானத்தில் கொடுக்கும் பங்கும், தொண்டுப் பணியும், அன்றாடச் சிறு உதவிகளும் பெரும்பாலும் கூடின. பெர்க்லி முடிவுக்கு நேர் எதிர். அந்தப் பத்துப் புள்ளிச் சோதனையை முன்பதிவு செய்த திட்டத்தோடு இரண்டு முறை அப்படியே திரும்பச் செய்து பார்த்த வேறொரு குழு, வர்க்கத்துக்கும் ஈகைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை என்று 2020இல் எழுதியது.

பெர்க்லிக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சமூக உளவியல் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பட்டுவரும் பாடுதான் இது. பணத்தைப் பற்றி நினைத்தாலே மனிதர் சுயநலமாகிவிடுவார் என்று 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த புகழ்பெற்ற சோதனைகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பின்னால் வந்த பெரிய மறுசோதனைகளில் அந்த விளைவு கரைந்துபோனது.

அப்படியானால் பணக்காரர்தான் நல்லவரா? அதற்குள் போவதற்கு முன்னால், இந்தத் துறையில் நான் படித்தவற்றிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான சோதனையைச் சொல்லிவிட வேண்டும்.

ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, நிக்கோஸ் நிகிஃபொராகிஸ், யான் ஸ்டூப் மூவரும் பொருளியலாளர்கள். நெதர்லாந்தின் நடுத்தர நகரம் ஒன்றில் பணக்கார வீடுகளும் ஏழை வீடுகளுமாக 360 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தபால் தவறிப்போய் அந்த வீட்டுப் பெட்டியில் விழுந்ததுபோல ஓர் உறையைப் போட்டார்கள். உறை மெல்லியது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். தாத்தா பேரனுக்கு அனுப்பியது போன்ற ஓர் அட்டை, கூடவே 5 அல்லது 20 யூரோ. சில உறைகளில் அது ரொக்கம். மற்றவற்றில் கண்டெடுத்தவருக்குப் பயன்படாத வங்கிச் சீட்டு. உறை உரியவருக்குத் திரும்பி அனுப்பப்படுகிறதா என்பதுதான் கேள்வி. தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்று அந்த வீட்டார் யாருக்கும் தெரியாது. ஆகவே நல்ல பெயர் வாங்கும் ஆசைக்கும் இடமில்லை.

பணக்கார வீடுகளிலிருந்து உறைகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. ஏழை வீடுகளிலிருந்து ஏறக்குறைய அதில் பாதியே வந்தது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பழைய சினிமாக் கதை தலைகீழாகிவிடும். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. வங்கிச் சீட்டு உறையை வைத்துக்கொண்டு ஏழைக்கு ஒரு பயனும் இல்லை. அதுவும் குறைவாகத்தான் திரும்பியது. அப்படியென்றால் காரணம் பேராசையாக மட்டும் இருக்க முடியாது. அடுத்து அவர்கள் தேதியைப் பார்த்தார்கள். சம்பளமோ அரசு உதவித்தொகையோ கைக்கு வந்த நாளை ஒட்டி விழுந்த உறைகள் ஏழை வீடுகளிலிருந்தும் நன்றாகவே திரும்பின. நாள் தள்ளிப்போகப் போக அது குறைந்தது. மாதக் கடைசியின் இழுபறியையும், 20 யூரோவுக்கு அந்தச் சமையலறையில் உள்ள மதிப்பையும் கணக்கில் கழித்துவிட்டால் இரு தரப்பு மனத்துக்கும் வேறுபாடே இல்லை. அவர்களுடைய முடிவு ஏறத்தாழ இவ்வளவுதான்: பணக்காரருக்கும் ஏழைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, முன்னவரிடம் பணம் அதிகம் என்பது.

மாதக் கடைசி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டிய 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது வெட்டுக்குப் பிறகுதான். வெட்டு உத்தரவை ஆலை ஒரே நாளில் எல்லோருக்கும் தருவதில்லை. ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே. ஆகவே பருவமோ திருவிழாவோ குழப்பாமல், ஒரே மனிதரை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதிக்க முடிந்தது. அறுவடைக்கு முன், கடனும் அடகும் கழுத்தை நெரிக்கும் நாட்களில், யோசனைத் திறனைச் சோதிக்கும் புதிர்களில் அவர்கள் தடுமாறினார்கள். பணம் கைக்கு வந்தபின் அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். 2013இல் வந்த அந்த ஆய்வு இரக்கத்தை அளக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அதன் புள்ளிவிவர முறையோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும் நெருக்கடி, குணத்தை மாற்றாமலே நடத்தையை மாற்றும் என்பதற்கு அது துணை நிற்கிறது.

பணநெருக்கடிக்குப் பதில் நேரநெருக்கடி வந்தாலும் இதேதான். 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒரு மனிதர் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அந்த மாணவர்களில் பாதிப் பேர் அப்போது உரையாற்றப் போனது, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய விவிலியக் கதையின் நல்ல சமாரியனைப் பற்றி! தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவர் நின்று உதவாததையும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் நின்று உதவியதையும் வைத்து இருவருடைய குணத்தை எடைபோடுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இனி சதவீதக் கணக்கு. அமெரிக்காவில் வருமானத்தில் எத்தனை சதவீதம் தருமம் என்று வரைந்தால் கோடு இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழும். கீழ் வருமானத்தார் நடுத்தர வர்க்கத்தைவிடக் கூடுதல் விகிதம் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். இது பலமுறை தலைப்புச் செய்தி ஆகியிருக்கிறது. 2007இல் ரஸல் ஜேம்ஸும் டியானா ஷார்ப்பும் அந்தக் கோட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தருகிற ஒரு சிறு கூட்டம்தான் இடது முனையைத் தூக்கி நிறுத்துகிறது. பெரும்பாலும் முதியவர்கள். வருமானம் குறைவு, சொத்து குறைவில்லை. தேவாலயத்துக்குத் தசமபாகம் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள். அதாவது வருமான வரிப் படிவத்தின் ஏழைகளில் பலர், சொந்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வூதியக்காரர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழையின் கொடை ரசீது இல்லாதது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்ட சோறு, ஆஸ்பத்திரியில் இரவு கண்விழித்தது, இழவு வீட்டுக்கு அனுப்பிய அரிசி, வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண் தங்கையின் படிப்புக்கு அனுப்பும் பணம் எதுவும் எந்த அறக்கட்டளையின் ஆண்டறிக்கையிலும் ஏறாது. பணக்காரர் கொடுப்பதற்கு ரசீதும் வரிவிலக்கும் பெயர்ப் பலகையும் உண்டு. கணக்கெடுப்பு ஆட்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதிலேயே விடையில் பாதி முடிவாகிவிடுகிறது. ஜெர்மன் ஆய்வை நான் ஏற்கிறேன். ஆனால் நன்கொடையையும் தொண்டுப் பணியையும் அளக்கிற கோல், வசதியானவருடைய உயரத்துக்கு வெட்டிய கோல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரசீதில்லாத அந்தக் கொடையை அருகில் இருந்து பார்த்தவர்களில் ஒருவர் மானிடவியலாளர் கேரல் ஸ்டாக். அமெரிக்க நடுமேற்கில் ஒரு நகரத்தின் கறுப்பினக் குடியிருப்பில் 1960களின் பிற்பகுதியில் தங்கி ஆராய்ந்து, 1974இல் ‘ஆல் அவர் கின்’ என்ற நூலை எழுதினார். அங்கே எல்லாமே கைமாறிக்கொண்டிருந்தன. நாற்காலி, துணி, உணவுச் சீட்டு, பேருந்துக் காசு, சமயத்தில் பிள்ளைகளே வேறொரு வீட்டில் வளர்வது வரை. வாங்கியவர் பின்னால் கொடுப்பார். கொடுக்காதவரை ஊர் விலக்கிவைக்கும்.

அதில் ஒரு தம்பதிக்கு எதிர்பாராமல் 1,500 டாலர் வாரிசுப் பணம் வந்தது. சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று ஆசைப்பட்டார்கள். செய்தி பரவியது. பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த அரசு உதவி நிறுத்தப்பட்டது. ஒரு உறவினருக்கு வாடகை பாக்கி, வெளியேற்றப்படும் நிலை. இன்னொரு உறவினர் இறந்தார். அடக்கச் செலவு, ஊருக்கு ரயில் கட்டணம். பிள்ளைகளுக்குக் குளிர்காலக் கோட்டு, காலணி. ஒன்றரை மாதத்தில் ஒரு டாலர் மிச்சமில்லை. அவர்கள் யாருக்கும் மறுக்கவில்லை, மறுத்திருக்கவும் முடியாது. நாளைக்கு வேலை போனால், அடுப்பு எரியாவிட்டால், அந்த உறவினர்களைத் தவிர அவர்களுக்குக் காப்பீடு வேறு எது?

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கல்யாணம் காதுகுத்து என்று காரணமே தேவையில்லை. சிலர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறி விருந்து வைக்கிறார்கள். வந்தவர்கள் மொய் எழுதுகிறார்கள். இன்ன ஆண்டில் இன்னாருக்கு இவ்வளவு செய்தோம் என்பது நோட்டில் இருக்கும். திருப்பிச் செய்யும்போது பழைய தொகைக்கு மேல் புதுநடை என்ற கூடுதல் தொகையும் சேர்த்து வைப்பது வழக்கம். வட்டியில்லாமல் லட்சக்கணக்கில் திரளும் அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் ஏராளம். புயலோ வறட்சியோ அடித்த ஆண்டில் மொய்யைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. அன்பா, கடனா என்று கேட்டால் இரண்டும்தான்.

கடன் கலந்த அன்பை ‘உண்மையான’ ஈகை அல்ல என்று தள்ளுவது, வங்கியும் மருத்துவக் காப்பீடும் உள்ளவரின் சொகுசு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை ஏழையின் இயல்பான பெருமனம் என்று புகழ்வதும் பொய்தான். மேற்குக் கென்யக் கிராமங்களில் பமீலா ஜக்கியேலாவும் ஓவன் ஓசியரும் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனையில், கையில் கிடைத்த பணம் ஊருக்குத் தெரியாமல் இருப்பதற்காகப் பெண்கள் கூடுதல் வருமானத்தையே விட்டுக்கொடுத்தார்கள். குறிப்பாக, சொந்தக்காரர்கள் அங்கே கூடியிருந்த பெண்கள். தெரிந்தால் கேட்பார்கள்; கேட்டால் கொடுத்தாக வேண்டும். எத்தனை வீடுகளில் சம்பள உயர்வைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

இந்தப் பகிர்வு வலை எவ்வளவு பாரம் தாங்கும்? ராபர்ட் டர்க்ஸ் 1980இல் உலகின் பல பஞ்சங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு வரிசையைக் கண்டார். பஞ்சம் தொடங்கும்போது பகிர்வு கூடுகிறது. நீடிக்கும்போது அது நெருங்கிய குடும்பத்துக்குள் சுருங்குகிறது. உடல் ஓய்ந்துபோகும் கட்டத்தில் குடும்பமே உதிர்கிறது. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்ற பழமொழி அந்த இரண்டாம் கட்டத்தில் பிறந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் மனித இயல்பு என்று முடிவுகட்டியவர் மானிடவியலாளர் காலின் டர்ன்புல். உகாண்டாவின் வடகிழக்கு மலையில் வாழும் இக் மக்களிடையே 1960களின் நடுவில் தங்கியிருந்தார். கிடெப்போ தேசியப் பூங்காவுக்காக அவர்களுடைய வேட்டைக்காடு பறிபோயிருந்தது, மேலே கொடும் பஞ்சம். முதியவர் வாயிலிருந்து உணவைப் பிடுங்குவதையும், சின்னஞ்சிறு குழந்தைகளைக் கைவிடுவதையும் எழுதி, அன்பு என்பதே வசதியுள்ள காலத்து ஆடம்பரம் என்ற தொனியில் 1972இல் ‘தி மவுண்டன் பீப்பிள்’ நூலை வெளியிட்டார். அந்த மக்களைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்துச் சிதறடித்துவிட வேண்டும் என்றுகூட அரசுக்கு யோசனை சொன்னார். நாடக இயக்குநர் பீட்டர் புரூக் அதை நாடகமாக்கினார். உலகிலேயே ஈரமற்ற இனம் என்ற பட்டம் இக் மக்களுக்கு நிலைத்தது.

கேத்ரின் டவுன்செண்ட் குழுவினர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே போனார்கள். பகிர்வது நல்லது என்பது அங்கே அன்றாடம் வாயில் வரும் வார்த்தையாக இருந்தது. யார் பகிர்கிறார், யார் பகிர்வதில்லை என்று மண்ணில் உறையும் ஆவிகள் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கை. பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அதே சோதனையில் அவர்கள் மற்றச் சமூகங்களைவிட ஒன்றும் குறையவில்லை என்று 2020இல் எழுதினார்கள். அவர்கள் இன்றும் ஏழைகளே. 1960களின் பட்டினி மட்டும் இப்போது இல்லை. பட்டினி செய்ததை ஓர் இனத்தின் பண்பாடு என்று எழுதிவிட்டார் டர்ன்புல்.

வறுமை வேறு, பட்டினி வேறு என்பது இந்த விவாதத்தில் அடிக்கடி தவறிப்போகிறது. 1866ஐ ஒட்டிய பஞ்சத்துக்குப் பிறகு வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, நிலம் கொடுத்தது ஜமீன்தாரோ கம்பெனியோ அல்ல. பார்வதிபுரம் கிராமத்துக் குடியானவர்கள், எண்பது காணி. அவர்கள் பணக்காரர்கள் அல்ல, பட்டினி கிடந்தவர்களும் அல்ல. அவர்கள் கொடுத்ததை ஒரு நிலையான அடுப்பாக மாற்றும் அமைப்பும் அவர்கள் முன்னால் இருந்தது. நாடுகளை ஒப்பிட்டாலும் இதுதான் தெரிகிறது. உலக ஈகைக் குறியீட்டில் 2014இல் அமெரிக்காவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, அடுத்த மூன்று ஆண்டுகளும் தனியாக முதலிடத்தில் நின்றது மியான்மர். தினமும் விடியலில் பிக்குகள் திருவோடு ஏந்தி வரும் ஊரில், கொடுப்பதற்கு முடிவெடுக்க வேண்டியதே இல்லை.

இனிப் பணக்காரர். அவர்களைச் சோதனைக்கு உட்காரவைப்பது கடினம். நூறு யூரோவுக்காக யார் வருவார்? பால் ஸ்மீட்ஸும் அவரது சகாக்களும் நெதர்லாந்தில் வங்கியிருப்பே பத்து லட்சம் யூரோவைத் தாண்டிய 600க்கு மேற்பட்டவர்களை ஒரு வங்கி வழியாகப் பிடித்தார்கள். எதிரே இருப்பவர் குறைந்த வருமானக்காரர் என்று தெரிந்தபோது, இந்த மாதிரிச் சோதனைகளில் அதுவரை பதிவான எவரையும்விட அவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். எதிரே இன்னொரு கோடீஸ்வரர் என்றால் கை சுருங்கியது. இன்னொரு விந்தை: பங்கீட்டை மறுக்கும் அதிகாரத்தை ஏழைக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கொடுத்த தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது. 2015இல் வந்த இந்த முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தானமாக என்றால் கை தாராளம். எதிரே இருப்பவர் ‘வேண்டாம் போ’ என்று சொல்லக்கூடியவராக ஆனதும் கணக்குப் பார்க்கும் புத்தி விழித்துக்கொள்கிறது.

ஆய்வகத்துக்கு வெளியே இதன் பெரிய உருவம் ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளி மகனாக 1835இல் பிறந்து, அமெரிக்கப் பருத்தி ஆலையில் வாரம் 1 டாலர் 20 செண்டுக்கு வேலை பார்த்தவர். வறுமையின் ருசி தெரிந்தவர். ஏழையாக இருந்த நினைவு மனத்தை இளக்கும் என்றால் அவர் மனம்தான் முதலில் இளகியிருக்க வேண்டும். சேர்த்த செல்வத்தைச் சாவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1889இல் கட்டுரை எழுதினார், சொன்னபடி ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்தும் முடித்தார். அவர் பணத்தில் 2,509 நூலகங்கள் எழுந்தன.

கட்டுரை வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட்டில் இருந்த அவருடைய உருக்காலையில் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். கார்னெகி ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். சங்கத்தை ஒடுக்குவதற்கு அவருடைய ஒப்புதலோடு பொறுப்பில் இருந்தவர் ஹென்றி ஃபிரிக். ஆற்று வழியாக வந்திறங்கிய, பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் அடியாட்கள் 300 பேருக்கும் தொழிலாளர்களுக்கும் 1892 ஜூலை 6 அன்று நடந்த சண்டையில் இரு பக்கமும் பிணங்கள் விழுந்தன. பிறகு மாநிலப் படை வந்தது, சங்கம் உடைந்தது. கார்னெகியின் இரண்டு முகங்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது ஒரே முகமாகத்தான் தெரிகிறது. கூலி என்பது எதிரே இருப்பவர் கேட்டுப் பெறுவது. நூலகம் என்பது தானாக மனமுவந்து கொடுப்பது. ஸ்மீட்ஸின் கோடீஸ்வரர்கள் நூறு யூரோவில் செய்ததை இவர் கோடிக்கணக்கில் செய்தார்.

‘ஏழை மனம் பெரிது’ என்ற புகழ்ச்சி யாருக்கு வசதி என்று கேட்டேன் அல்லவா? கூலி கேட்பவரைவிட, இருப்பதைப் பகிர்ந்து சிரித்த முகமாக இருக்கும் ஏழையை நேசிப்பது எளிது. அந்த ஏழைக்குப் பாராட்டு போதும், காப்பீடு வேண்டாம், சம்பளத் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றாகிவிடுகிறது. டச்சு உறைகள் திரும்பி வந்ததும் வராததும் தேதியைப் பொறுத்தது என்றால், அடுத்தவரிடம் ஈரம் இல்லை என்று வருந்துவதற்கு முன், அவர் கைக்குப் பணம் வரும் நாளை யார் முடிவுசெய்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹோம்ஸ்டெட்டுக்கும் கார்னெகி ஒரு நூலகம் கொடுத்தார். 1898இல் திறந்த அந்தக் கட்டடத்தில் புத்தகங்களோடு இசையரங்கும் நீச்சல் குளமும் இருந்தன. உருக்காலையில் வேலைநேரம் அப்போது நாளுக்குப் பன்னிரண்டு மணி. அது எட்டாகக் குறையத் தொடங்கியது 1923இல், கார்னெகி இறந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு.